லூட்டன் டவுன்: 19 சீசன்களின் நம்பிக்கைக் கணக்கு

இங்கிலாந்தில் சிறிய கால்பந்து கிளப்புகளின் ரசிகர்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இரண்டாகப் பிரிகிறார்கள். “இந்த வருஷம் ஏறிவிடுவோம்” என்பவர்கள் ஒரு பக்கம், “இறங்காமல் தப்பித்தால் போதும்” என்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பில் யார் சொன்னது அதிகம் பலித்தது என்று பார்க்க, லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள லூட்டன் நகரத்தின் கிளப்பை எடுத்துக்கொள்வோம். 2006-07 முதல் 2024-25 வரை 19 சீசன்கள். அவற்றில் லூட்டன் டவுன் மேல் லீக்குக்கு ஏறியது 4 முறை, கீழ் லீக்குக்கு இறங்கியது 5 முறை, இருந்த இடத்திலேயே நின்றது 10 முறை. 19 ஆண்டும் “ஏறுவோம்” என்றே சொல்லி வந்த ரசிகரின் கணிப்பு 21.1 சதவீதம் பலித்திருக்கும். “இறங்குவோம்” என்றவருக்கு 26.3 சதவீதம். “எதுவும் மாறாது” என்றவருக்கு 52.6 சதவீதம். “எதுவானாலும் ஏற மாட்டோம்” என்று மட்டும் சொன்னவர் 19-இல் 15 முறை, அதாவது 78.9 சதவீதம் சரியாகச் சொல்லியிருப்பார்.

இந்த 78.9 சதவீதத்தை அவநம்பிக்கையின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லீக்கின் விதிகளே அதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 24 கிளப். ஏறுவது 3, இறங்குவது 3. மூன்றாம் அடுக்கில் 24 கிளப். ஏறுவது 3, இறங்குவது 4. நான்காம் அடுக்கில் 24 கிளப். ஏறுவது 4, இறங்குவது 2. தொழில்முறை லீக்குக்கு வெளியே உள்ள ஐந்தாம் அடுக்கில் ஏறுவது 2 மட்டுமே. எந்தத் திறமையையும் கணக்கில் எடுக்காமல் சீட்டுக் குலுக்கினால்கூட, ஒரு கிளப் ஏறும் வாய்ப்பு நான்காம் அடுக்கில் 16.7 சதவீதம், மூன்றாம், இரண்டாம் அடுக்குகளில் 12.5 சதவீதம், ஐந்தாம் அடுக்கில் 8.3 சதவீதம். “ஏற மாட்டோம்” என்பவருக்கு இந்த விதிகளே 83 முதல் 92 சதவீதம் வரை இலவசமாகத் தந்துவிடுகின்றன.

லூட்டன் எந்த அடுக்கில் எத்தனை சீசன் ஆடியது என்பதை வைத்து இதே சராசரியைக் கூட்டலாம். முதல் அடுக்கில் 1, இரண்டில் 6, மூன்றில் 2, நான்கில் 5, ஐந்தில் 5. குலுக்கல் முறைப்படி 19 சீசன்களில் எதிர்பார்க்க வேண்டிய ஏற்றம் 2.25, இறக்கம் 2.48. நடந்தது 4 ஏற்றமும் 5 இறக்கமும். சராசரி தருவதைப்போல் ஏற்றம் 1.8 மடங்கு, இறக்கம் 2 மடங்கு. நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் தலா ஏறக்குறைய இரட்டிப்புச் சான்று கிடைத்த கிளப் இது. லூட்டனில் இரு தரப்பும் இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவதற்கு இந்த இரண்டு எண்களே போதிய விளக்கம் என்று கருதுகிறேன்.

2006 மே மாதத்தில் லூட்டன் இரண்டாம் அடுக்கில் 61 புள்ளிகளுடன் 10-ஆம் இடம். நாட்டின் 92 லீக் கிளப்புகளில் அது 30-ஆம் இடம். 2009 மே மாதத்தில் அந்த 92-இலேயே லூட்டன் இல்லை. மூன்று சீசன், மூன்று இறக்கம். 2006-07-இல் 40 புள்ளி, 23-ஆம் இடம். 2007 நவம்பரில் கடன் கட்ட வழியில்லாமல் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. அதற்குத் தண்டனை 10 புள்ளி. 2007-08-இன் முடிவில் மிஞ்சியது 33 புள்ளி. வெட்டிய 10-ஐத் திருப்பிக் கொடுத்தாலும் 43தான். அந்த ஆண்டு 20-ஆம் இடத்தில் தப்பிய குரூ அலெக்சாண்ட்ராவுக்கு 50 புள்ளி. அந்த இறக்கத்துக்குத் தண்டனையைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்த சீசனுக்குக் காட்டலாம். 2008-09-ஐ லூட்டன் தொடங்கியது கழித்தல் 30 புள்ளியில். முந்தைய நிர்வாகத்தின் காலத்தில் முகவர்களுக்குப் பணம் கொடுத்ததில் நடந்த முறைகேடுகளுக்காகக் கால்பந்துச் சங்கம் 10 புள்ளியை வெட்டியது. கடன் கொடுத்தவர்களுடன் முறையான ஒப்பந்தம் இல்லாமல் திவால் நிலையிலிருந்து வெளியேறியதற்காக லீக் 20 புள்ளியை வெட்டியது. 46 ஆட்டங்களில் லூட்டன் 13-இல் வென்று, 17-இல் டிரா செய்து, 16-இல் தோற்றது. களத்தில் ஈட்டியது 56 புள்ளி, ஏட்டில் நின்றது 26. கடைசியாகத் தப்பிய கிரிம்ஸ்பிக்கு 41 புள்ளி. அதை எட்ட லூட்டன் களத்தில் 71 புள்ளி எடுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அதே லீக்கில் 6-ஆம் இடம் பிடித்து, ஏற்றத்துக்கான பிளே-ஆஃப் ஆடிய ராச்டேலுக்குக் கிடைத்ததே 70. வெறுமனே தப்பிப்பதற்கு, ஏறத் துடிக்கும் அணியைவிட நன்றாக ஆடும்படி அந்த ரசிகர்களின் அணி கேட்கப்பட்டது. தவறு செய்த நிர்வாகம் போய்விட்டது. தண்டனையைச் சுமந்தவர்கள் சீசன் டிக்கெட் வாங்கியவர்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் எண் உண்டு. 2009 ஏப்ரல் 5 அன்று கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கான லீக் டிராபி இறுதியாட்டம் வெம்ப்ளியில் நடந்தது. லூட்டன் கூடுதல் நேரத்தில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று வென்றது. வந்திருந்தவர்கள் 55,378 பேர். அவர்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் லூட்டன் தரப்பு. அந்த சீசனில் சொந்த மைதானத்துக்கு வழக்கமாக வந்த கூட்டம் சுமார் 6,000. 2011 கணக்கெடுப்பில் லூட்டனின் மக்கள்தொகை 2,03,201. வெளியூர்களிலிருந்து வந்தோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்றாலும், நகரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான கூட்டம் அது. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, செஸ்டர்ஃபீல்டுடன் 0-0 டிரா செய்ததும் இறக்கம் உறுதியானது. அதே மாதத்தில் அதே மக்கள் கோப்பையையும் கொண்டாடினார்கள், லீக் வாழ்க்கை முடிந்ததையும் பார்த்தார்கள். இவர்களை நம்பிக்கைக்காரர், அவநம்பிக்கைக்காரர் என்று எந்தப் பட்டியலில் சேர்ப்பது? டிக்கெட் எண்ணிக்கை அந்தப் பிரிவையே ஏற்க மறுக்கிறது.

ஐந்தாம் அடுக்கில் லூட்டன் கழித்தது 5 சீசன். முதல் மூன்றில் எடுத்த புள்ளிகள் 88, 84, 81, மொத்தம் 136 ஆட்டங்களில் 253 புள்ளி, ஆட்டத்துக்கு 1.86. ஏற்றம் பூஜ்யம். இங்கே 88 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2009-10-இல் 44 ஆட்டங்களில் 105 கோல் அடித்து 88 புள்ளி எடுத்த லூட்டன் இரண்டாம் இடம் பிடித்தது. 99 புள்ளி எடுத்த ஸ்டீவனேஜ் நேரடியாக ஏறியது. லூட்டன் பிளே-ஆஃப் அரையிறுதியில் யார்க் சிட்டியிடம் தோற்றது. 2017-18-இல் நான்காம் அடுக்கில் 46 ஆட்டங்களில் அதே 88 புள்ளி, அதே இரண்டாம் இடம். இம்முறை நேரடி ஏற்றம். ஐந்தாம் அடுக்கில் நேரடியாக ஏறும் இடம் 1, நான்காம் அடுக்கில் 3. முதல் 88-க்கு ஆட்டமும் குறைவு, பலனும் இல்லை. தங்கள் அணி எவ்வளவு நன்றாக ஆடியது என்பதை ரசிகர் பார்த்துச் சொல்லிவிடலாம். அதற்கு என்ன கிடைக்கும் என்பது வாசல் எத்தனை அடி அகலம் என்பதைப் பொறுத்தது.

பிளே-ஆஃப் பற்றி லூட்டன் ரசிகர்களிடம் ஒரு தலைமுறையாக நிலவிய எண்ணம், “நமக்கு ராசியில்லை” என்பது. பதிவு இப்படி: 2010-இல் யார்க்கிடம் தோல்வி. 2011 மே 21 அன்று மான்செஸ்டரில் ஏஎஃப்சி விம்பிள்டனுடன் 0-0. பெனால்டியில் 4-3 என்று தோல்வி. 2012 மே 20 அன்று வெம்ப்ளியில் யார்க்கிடம் 2-1 தோல்வி. 2017-இல் நான்காம் அடுக்கில் பிளாக்பூலிடம் இரு ஆட்டங்கள் சேர்த்து 6-5 தோல்வி. 2022-இல் சாம்பியன்ஷிப்பில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் 2-1 தோல்வி. தொடர்ந்து 5. ஒவ்வொன்றிலும் 4 கிளப், ஏறுவது 1, எனவே ஏறாமல் போகும் வாய்ப்பு 75 சதவீதம். ஐந்து முறை தொடர்ந்து ஏறாமல் போகும் வாய்ப்பு 0.75-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 23.7 சதவீதம். நான்கு கிளப்புகள் ஐந்து முறை பிளே-ஆஃப் ஆடினால், அவற்றில் ஏறக்குறைய ஒன்றுக்கு இந்தக் கதி நேரும். ராசி என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் 12 ஆண்டுகளில் 5 முறை வாசல்வரை போய்த் திரும்பியவருக்கு 23.7 சதவீதம் ஆறுதலாகவும் இருக்காது; அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் ஆறுதலாக இருக்காது என்பதற்கு ஓர் ஆய்வு பயன்படும். பொருளாதாரவியலாளர் பீட்டர் டால்டனும் ஜார்ஜ் மெக்கெரனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. கைபேசிச் செயலி ஒன்றின் வழியே சுமார் 32,000 பேர் தங்கள் மனநிலையைப் பதிவு செய்த ஏறக்குறைய 30 லட்சம் பதில்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தம் அணி வென்ற பின் வரும் ஒரு மணி நேரத்தில் ரசிகரின் மகிழ்ச்சி 3.9 புள்ளி உயர்கிறது, தோற்றால் 7.8 புள்ளி சரிகிறது. ஒரு தோல்வியின் எடை இரண்டு வெற்றி. இதன்படி மனக்கணக்கு நட்டமில்லாமல் முடிய, ஒரு சீசனில் வெற்றிகள் தோல்விகளின் இரு மடங்காக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை லூட்டனின் லீக் ஆட்டங்களில் வைத்துப் பார்த்தேன். டிராக்களையும், ஆட்டத்துக்கு முன்பிருந்த எதிர்பார்ப்பையும் விட்டுவிட்ட தோராயக் கணக்கு இது. முடிவை அந்த வரம்போடு படிக்க வேண்டும். 101 புள்ளியுடன் ஐந்தாம் அடுக்கை வென்ற 2013-14-இல் 30 வெற்றி, 5 தோல்வி. நிகரம் கூட்டல் 78. 2017-18-இல் 25 வெற்றி, 8 தோல்வி, கூட்டல் 35.1. மூன்றாம் அடுக்கை 94 புள்ளியுடன் வென்ற 2018-19-இல் 27 வெற்றி, 6 தோல்வி, கூட்டல் 58.5. சாம்பியன்ஷிப்பிலிருந்து ஏறிய 2022-23-இல் 21 வெற்றி, 8 தோல்வி; கூட்டல் 19.5. நான்கு ஏற்ற ஆண்டுகளின் மொத்தம் கூட்டல் 191.1. அடுத்து முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் ஆடிய ஆண்டில் 6 வெற்றி, 24 தோல்வி, கழித்தல் 163.8. நான்கு ஏற்றங்களில் சேர்த்த மகிழ்ச்சியில் 85.7 சதவீதத்தை, அந்த ஏற்றங்களால் கிடைத்த ஒரே ஒரு சீசன் எடுத்துக்கொண்டது. மறுபுறம், வெற்றிகள் தோல்வியின் இரு மடங்கைத் தாண்டிய சீசன்கள் 19-இல் 8. அவற்றில் 4 ஏற்றமின்றி முடிந்தவை. 2009-10, 2010-11, 2011-12, 2016-17 ஆகிய அந்த நான்கும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இனிமையாகவும் மே மாதத்தில் கசப்பாகவும் இருந்த ஆண்டுகள். எதற்காக ஆட்டம் பார்க்கிறோம் என்ற கேள்விக்கு ரசிகர் தரும் பதிலைப் பொறுத்து, அவை நல்ல ஆண்டுகளா கெட்ட ஆண்டுகளா என்பது மாறும்.

ஏற்றத்தின் விலையைப் பணத்திலும் பார்க்கலாம். 2023 மே 27, வெம்ப்ளி, சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதியாட்டம், 85,711 பேர். எதிரணி கோவென்ட்ரி. 1992-இல் லூட்டன் முதல் அடுக்கிலிருந்து 42 புள்ளியுடன் இறங்கியபோது, 44 புள்ளியுடன் அதற்கு மேலே தப்பிய கிளப் இதே கோவென்ட்ரிதான். இரண்டு புள்ளி வித்தியாசம். அதனால் லூட்டனுக்குப் பிரீமியர் லீக் 31 ஆண்டு தள்ளிப்போனது. இறுதியாட்டம் 1-1. பெனால்டியில் முதல் 11 உதைகளும் கோல். 12-ஆவது, கோவென்ட்ரியின் உதை, கம்பத்துக்கு மேலே போனது. இந்த ஆட்டத்தை வெல்லும் கிளப்புக்கு அடுத்த மூன்று சீசன்களில் குறைந்தது 17 கோடி பவுண்டு கூடுதல் வருவாய் வரும் என்றும், முதல் ஆண்டில் இறங்காமல் தப்பினால் அது 29 கோடி பவுண்டாகும் என்றும் டெலாய்ட் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. அப்போது லூட்டனின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் இடம் 10,356 பேருக்கு. சுமார் 74,000 பேர் அமரும் ஓல்டு டிராஃபோர்டில் ஏழில் ஒரு பங்கு. 17 கோடியை 10,356-ஆல் வகுத்தால் இருக்கைக்குச் சுமார் 16,400 பவுண்டு.

1905 முதல் லூட்டன் ஆடிவரும் அந்த மைதானத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். வெளியூர் ரசிகர்கள் நுழையும் ஓக் ரோடு வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டின் அகலத்தில் திறக்கிறது. உள்ளே இரும்புப் படிக்கட்டு. ஏறும்போது இரு பக்கமும் கீழே வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். துணி காயும் கொடிக்கு மேலாக நடந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும். பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு விதிகளுக்கு ஏற்ப இந்த மைதானத்தின் ஒரு பக்க அரங்கைப் புதிதாகக் கட்ட 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. வேலை முடியாததால் முதல் சொந்த மைதான ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது.

2023-24-ஐ இரண்டாக வெட்டினால்தான் புரியும். 2024 பிப்ரவரி 3 அன்று நியூகாசிலில் 4-4 டிரா செய்தபோது 22 ஆட்டங்களில் 20 புள்ளி; ஆட்டத்துக்கு 0.91. அந்த வேகத்தில் 38 ஆட்டங்களுக்கு 34 அல்லது 35 புள்ளி வந்திருக்கும். கடைசியாகத் தப்பிய நாட்டிங்காம் ஃபாரஸ்ட், 4 புள்ளி தண்டனை போக, 32 புள்ளியில் முடித்தது. அதாவது பிப்ரவரியில் “தப்பிவிடுவோம்” என்று சொன்ன லூட்டன் ரசிகர் ஆசையில் பேசவில்லை, கணக்கோடு பேசினார். மீதி 16 ஆட்டங்களில் கிடைத்தது 6 புள்ளி, ஆட்டத்துக்கு 0.38. மொத்தம் 26 புள்ளி, 18-ஆம் இடம், 6 புள்ளி பற்றாக்குறை. அந்த 6-இல் 3 எங்கே போனது என்று சுட்டிக்காட்டலாம். லிவர்பூலுக்கு எதிரே 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது 95-ஆவது நிமிடத்தில் வாங்கிய கோலில் 2 புள்ளி. ஆர்சனலுடன் 3-3 என்று இருந்தபோது 97-ஆவது நிமிடத்தில் வாங்கிய கோலில் 1 புள்ளி. இரண்டும் சொந்த மைதானத்தில்.

அதே சீசனில் லூட்டன் அடித்தது 52 கோல். 15-ஆம் இடத்தில் முடித்த எவர்ட்டன் அடித்தது 40. லூட்டன் வாங்கியது 85, எவர்ட்டன் வாங்கியது 51. முன்வரிசையை மட்டும் பார்த்தவருக்கு நம்பிக்கை, பின்வரிசையை மட்டும் பார்த்தவருக்கு அவநம்பிக்கை. இரண்டையும் கழித்துப் பார்த்தவருக்கு மட்டும் கழித்தல் 33.

2024-25 இன்னும் குறுகலானது. கடைசி நாளுக்கு முந்தைய 3 ஆட்டங்களில் 3 வெற்றி, 49 புள்ளி, இறங்கும் மூன்று இடங்களுக்கு வெளியே. 2025 மே 3 அன்று வெஸ்ட் பிராம்விச்சில் டிரா செய்திருந்தாலே தப்பியிருக்கும். 5-3 தோல்வி. ஹல் சிட்டியும் 49 புள்ளியில் முடித்தது. அதன் கோல் வித்தியாசம் கழித்தல் 10, லூட்டனுடையது கழித்தல் 24. ஹல் தப்பியது, லூட்டன் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. இரண்டு ஆண்டில் இரண்டு இறக்கம்.

தொடர்ந்து இப்படி அடி வாங்கினால் ரசிகரின் எதிர்பார்ப்பு குறைய வேண்டும் என்று தோன்றும். அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் கேட் மாசி, ஜோசப் சிம்மன்ஸ், டேவிட் ஆர்மர் ஆகியோர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு சீசன் முழுவதும் வாரந்தோறும் கணிக்கச் சொல்லி, முடிவுகளையும் காட்டி வந்தும், தம் அணி வெல்லும் என்ற மிகை நம்பிக்கை சீசன் இறுதிவரை குறையவில்லை. அது வேறு ஆட்டம், வேறு நாடு. லூட்டனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஐந்தாம் அடுக்கில் 5 சீசனும் லூட்டனின் சொந்த மைதானக் கூட்டம் சராசரியாக 6,000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. அந்த லீக்கில் பல கிளப்புகளுக்கு 2,000 பேர் சேர்வதே கடினம். அந்த 6,000 பேரும் ஏறுவோம் என்று நம்பி வந்தார்களா என்பதை எண்ணிக்கை சொல்லாது. வந்தார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

வருவது போதுமா? போதாது என்பதற்கு பரி கிளப்பின் கணக்கு இருக்கிறது. லூட்டனும் பரியும் 1885 ஏப்ரலில் பிறந்தவை. பரி 1894 முதல் லீக்கில் ஆடிய கிளப். எஃப்ஏ கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 2018-19-இல் நான்காம் அடுக்கில் 22 வெற்றி, 13 டிரா, 11 தோல்வி, 79 புள்ளி, இரண்டாம் இடம். 2019 ஏப்ரல் 30 அன்று ஏற்றம் உறுதியானது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்த வசந்தத்தில் இங்கிலாந்தில் நம்பிக்கை வைக்கத் தகுந்த சிறிய கிளப்புகளில் பரியும் ஒன்று. ஆனால் சில மாதங்களுக்கு முன், 2018 டிசம்பரில், அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. சம்பளம் கொடுக்கவும் கடன் தீர்க்கவும் பணம் இருக்கிறது என்று லீக்குக்குக் காட்ட முடியாமல், 2019 ஆகஸ்ட் 27 அன்று பரி வெளியேற்றப்பட்டது. ஏற்றத்துக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே 119 நாள். 125 ஆண்டு லீக் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 79 என்ற புள்ளியும் 1 என்ற பவுண்டும் ஒரே கிளப்பின் ஒரே சீசனைப் பற்றியவை. இரண்டாவதுதான் உண்மையைச் சொன்னது.

எதிர்த் திசையில் 2011-இல் லூட்டனைப் பெனால்டியில் வென்ற ஏஎஃப்சி விம்பிள்டன். பழைய விம்பிள்டன் கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002 மே மாதத்தில் அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே தொடங்கிய கிளப் இது. 2002 ஜூலையில் சட்டன் யுனைடெட்டுக்கு எதிரான அதன் முதல் நட்பு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 4,657 பேர். விளைவு: 0-4 தோல்வி. 9 ஆண்டில் 5 ஏற்றம். 2011-இல் நான்காம் அடுக்கு. 2020 நவம்பரில் சொந்த ஊரில் புது மைதானம். அந்த முதல் மாலையின் 0-4-ஐ வைத்து யார் என்ன கணித்திருந்தாலும், பின்னால் வந்த 18 ஆண்டைத் தாங்கிய எண் 4,657தான்.

லூட்டனிலும் மிக முக்கியமான பதிவு புள்ளிப் பட்டியலில் இல்லை என்றே நினைக்கிறேன். 2014-இல் கிளப்பின் பெயர், பட்டப்பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றின் மீதான சட்டபூர்வ உரிமை ரசிகர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. கழித்தல் 30-இல் தொடங்கிய சீசனுக்கு ஆறு ஆண்டுக்குள் இது நடந்தது. அதன்பின் 2 இறக்கமும் 4 ஏற்றமும் வந்து போயிருக்கின்றன. அந்த உரிமை மாறவில்லை. 2024 டிசம்பரில், அணி இரண்டாம் அடுக்கின் அடிப்பகுதியில் திணறிக்கொண்டிருந்தபோது, பவர் கோர்ட் என்ற இடத்தில் 25,000 பேருக்கான புதிய மைதானத் திட்டத்துக்கு நகர மன்றம் ஒப்புதல் தந்தது. ஐந்து மாதத்தில் அணி மூன்றாம் அடுக்கில். 10,356-க்கு 25,000 என்பது 2.4 மடங்கு. இந்தக் கணக்கு சரிவருமா என்பதை அடுத்த பத்து சீசன்கள்தான் காட்டும்.

2025 ஜூலை 21 அன்று இங்கிலாந்தில் கால்பந்து ஆளுகைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. முதல் ஐந்து அடுக்குகளின் 116 கிளப்புகளும் இனி உரிமம் பெற வேண்டும். பணநிலையைச் சுயேச்சையான ஒழுங்காற்று அமைப்பு பார்க்கும். மைதானத்தை விற்க அதன் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். எந்தச் சிறிய கிளப்பை நேசிப்பவரும் ஆகஸ்டில் புள்ளிக் கணிப்பு எழுதுவதற்கு முன் மூன்று கேள்விக்கு விடை தேடட்டும்: மைதானம் யார் பெயரில் இருக்கிறது, கடன் எவ்வளவு, சின்னம் யாரிடம் இருக்கிறது. 79 புள்ளி எடுத்த பரி ரசிகர்களுக்கு அந்த விடைகள் 119 நாள் தாமதமாகக் கிடைத்தன.